வாளியும் துணியும் கொண்டு ஒரு தொழில்

வீடு தேடிச் சென்று வாகனம் கழுவுதல்: இடம்பெயர்ந்த விவசாயக் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டல்

"மண்வெட்டி பிடித்த கை இது. இனி எந்தத் தொழிலைப் பழகுவது?" இடம்பெயர்ந்து வாழும் விவசாயக் குடும்பங்களின் மத்தியில் அடிக்கடி எழுகின்ற கேள்வி இது. 1990 இல் வலிகாமம் வடக்கை விட்டு வெளியேறியவர்களின் காணிகளில் ஒரு பகுதி இன்னமும் விடுவிக்கப்படவில்லை. 2009 இல் வன்னியிலிருந்து முகாம்களுக்குச் சென்று பின் திரும்பியவர்களிலும், காணி இருந்தும் கிணறு தூர்ந்து போனவர்கள், கிணறு இருந்தும் பயிரிட முதல் இல்லாதவர்கள் எனப் பலர் உள்ளனர். காணி கைக்கு வரும்வரை, அல்லது வந்த காணி பலன் தரும்வரை, அடுப்பு எரிய வேண்டும் அல்லவா?

அதற்கு உதவக்கூடிய ஒரு சிறுதொழிலைப் பற்றி இங்கே பார்ப்போம். வாகனம் இருக்கும் இடத்துக்கே சென்று அதனைக் கழுவித் துடைத்துக் கொடுப்பதே அத்தொழில். கடை வாடகை இல்லை. பெரிய இயந்திரம் தேவையில்லை. தண்ணீரின் அருமை தெரிந்தவருக்கு இது விரைவில் கைவரும். அந்த அருமையை விவசாயியை விட நன்கு அறிந்தவர் யார்?

ஏன் இந்தத் தொழில்?

வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 இலேயே மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் பழைய வாகனங்களின் விலையும் பெரிதும் உயர்ந்தது. ஆகவே தன்னிடம் உள்ள ஓட்டோவையோ வானையோ நன்றாகப் பராமரித்து நீண்டகாலம் ஓடவேண்டும் என்ற எண்ணம் சொந்தக்காரரிடம் இருக்கின்றது. சேர்விஸ் நிலையத்துக்குச் சென்று காத்திருக்கும் நேரமோ ஓட்டோச் சாரதிக்கு உழைப்பு இழந்த நேரம். அவர் வீட்டு முற்றத்தில் அதிகாலையில் வேலையை முடித்துக் கொடுப்பவரை அவர் விரும்புவார்.

இன்னொரு வசதியும் உண்டு. காலபோக விதைப்பும் பராமரிப்பும் மாரி மழையோடு வருபவை. அக்காலத்தில் வாகனம் கழுவக் கொடுப்போர் குறைவு. அறுவடை முடிந்து, வயல் வெறுமையாகக் கிடக்கும் மாதங்களிலோ வீதியெல்லாம் புழுதி. கழுவும் வேலை கூடும். எனவே விவசாயத்தைக் கைவிடாமலே இதனைச் செய்யலாம்.

தேவையான பொருட்கள்

முதலில் வாங்க வேண்டியவை இவ்வளவே: மூன்று வாளிகள், 20 லீற்றர் தண்ணீர்க் கான்கள் இரண்டு, 16 லீற்றர் முதுகுத் தெளிகருவி ஒன்று, மென்மையான துணிகள் பத்து, ரயர் தேய்க்கும் தூரிகை ஒன்று, பழைய பற்தூரிகை, வாகன ஷம்பூ, கைத்தும்புத்தடி. சைக்கிளும் பின்னால் ஒரு கரியரும் இருந்தால் இவற்றைக் கொண்டு செல்லலாம்.

தெளிகருவி பற்றி ஓர் எச்சரிக்கை. வயலுக்கு மருந்தடித்த கருவியை இதற்குப் பாவிக்கவே கூடாது. எத்தனை முறை அலசினாலும் நஞ்சு குழாயிலும் றப்பர் வளையங்களிலும் தங்கியிருக்கும். அது உங்கள் கைக்கும், வாகன இருக்கையில் அமரும் குழந்தைக்கும் தீங்கு. புதிதாக ஒன்றை வாங்கி "தண்ணீர் மட்டும்" என்று எழுதி வையுங்கள்.

மின்சாரத்தில் அல்லது பெற்றோலில் இயங்கும் அழுத்தத் தண்ணீர் இயந்திரத்தை ஆரம்பத்திலேயே வாங்க அவசரப்பட வேண்டாம். 2022 இல் பெற்றோல் வரிசைகள் நீண்ட காலத்தை நாம் மறக்கவில்லை. எரிபொருள் இல்லாவிட்டால் இயந்திரம் நின்றுவிடும். கையால் அழுத்தும் தெளிகருவி நிற்காது. தொழில் நிலைபெற்ற பின் மின் இயந்திரம் வாங்கினால், ட்ரிப் சுவிட்ச் உள்ள இணைப்பில் மட்டும் பாவியுங்கள். காலில் றப்பர் செருப்பு இருக்கட்டும். அழுத்த நீரை எவருடைய உடம்பிலும் படவிடாதீர்கள். அது தோலைக் கிழித்து உள்ளே செல்லக்கூடியது.

கழுவும் முறை

எந்த வேலைக்கும் ஒரு ஒழுங்கு உண்டு. நாற்று நடுவதற்கு முன் வயலைப் பண்படுத்துவது போல, துணி வைப்பதற்கு முன் வாகனத்தை நனைக்க வேண்டும்.

1. சொந்தக்காரருடன் வாகனத்தை ஒருமுறை சுற்றிப் பாருங்கள். ஏற்கனவே உள்ள கீறல், நெளிவு, உடைந்த விளக்கு ஆகியவற்றை அவருக்குக் காட்டிக் கொப்பியில் குறியுங்கள். பின்னர் வரக்கூடிய மனத்தாங்கலை இது தவிர்க்கும். பணம், தொலைபேசி, பத்திரங்கள் உள்ளே இருந்தால் அவரையே எடுக்கச் சொல்லுங்கள்.

2. வாகனத்தை நிழலில் நிறுத்தச் செய்யுங்கள். சூடான தகட்டில் ஷம்பூ உடனே காய்ந்து தழும்பாகிவிடும்.

3. ரயர்களையும் மட்காட்டின் உட்புறத்தையும் முதலில் கழுவுங்கள். அதற்கென்று ஒரு வாளியும் துணியும் தனியாக இருக்கவேண்டும். ரயரில் தேய்த்த துணியில் மணல் இருக்கும். அது மேற்பூச்சைக் கீறிவிடும்.

4. தெளிகருவியால் மேலிருந்து கீழாக நனைத்து, சில நிமிடம் ஊறவிடுங்கள். செம்மண் புழுதியைக் காய்ந்தபடி துடைப்பது மணற்கடதாசியால் தேய்ப்பதற்குச் சமம்.

5. ஒரு வாளியில் ஷம்பூத் தண்ணீர், மற்றதில் வெறும் தண்ணீர். துணியை ஷம்பூவில் தோய்த்து ஒரு பகுதியைத் துடைத்ததும் வெறும் தண்ணீரில் அலசிய பின்பே மீண்டும் ஷம்பூவில் இடுங்கள். கூரை, கண்ணாடி, கதவு, அடிப்பகுதி என்ற வரிசையில் இறங்குங்கள். உடுப்புக்குப் போடும் சலவைத்தூள் வேண்டாம். அது மேற்பூச்சின் மெழுகை நீக்கி மங்கச் செய்யும்.

6. மீண்டும் தெளித்து நுரையை நீக்கி, உடனே உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். யாழ்ப்பாணக் குடாநாட்டின் கிணற்று நீர் சுண்ணாம்புக் கல்லின் ஊடாக வருவது. தானாகக் காயவிட்டால் வெண்புள்ளிகள் விழும். அந்தப் புள்ளி ஒன்றே உங்கள் வேலையைக் குறைசொல்லப் போதும்.

ஓட்டோவின் இயந்திரம் பின்புறம் உள்ளது. பிளக், காற்று வடிகட்டி, பற்றரி ஆகியவற்றின் மீது தண்ணீர் அடிக்கக்கூடாது. ஈரத்துணியால் துடைத்தால் போதும். மோட்டார் சைக்கிளைக் கழுவிய பின் சங்கிலியைத் துடைத்து எண்ணெய் இடுங்கள். பிறேக் நனைந்திருக்கும் என்பதையும், முதலில் மெதுவாக ஓடி இரண்டு மூன்று தடவை பிறேக் பிடித்துப் பார்க்கவேண்டும் என்பதையும் ஓடுபவருக்குச் சொல்ல மறக்காதீர்கள். இது உயிர் சம்பந்தப்பட்ட விடயம்.

கரையோரப் பகுதியில் மீன் ஏற்றும் லொறிகளும் வான்களும் நல்ல வாடிக்கை. உப்புநீர் வடிந்து அடித்தகடு துருப்பிடிப்பதால் அவற்றின் கீழ்ப்பகுதியை நன்னீரால் கழுவுவதே முக்கியமான வேலை. சிலர் டீசலோ மண்ணெண்ணெயோ தெளித்துக் கழுவச் சொல்வார்கள். அது றப்பர்ப் பாகங்களைக் கெடுக்கும், நிலத்தையும் கெடுக்கும். பணிவாக மறுத்துவிடுங்கள்.

தண்ணீர்: எமது முதற் பொறுப்பு

நிமிடத்துக்கு 15 லீற்றர் ஓடும் குழாயைப் பத்து நிமிடம் திறந்துவிட்டால் 150 லீற்றர் போய்விடும். வாளியும் தெளிகருவியும் கொண்டு சிக்கனமாகச் செய்தால் ஒரு மோட்டார் சைக்கிளுக்கு 20 லீற்றர், ஓட்டோவுக்கு 40 லீற்றர் அளவில் முடித்துக்கொள்ளலாம். ஆடி, ஆவணியில் கிணறு வற்றும்போது வாடிக்கையாளர் உங்களையே கூப்பிடுவதற்கு இந்தச் சிக்கனம் ஒரு காரணமாகும்.

அழுக்குத் தண்ணீர் எங்கே போகின்றது என்பதையும் பார்க்க வேண்டும். குடாநாட்டின் சுண்ணாம்புக் கல்லில் வெடிப்புகள் அதிகம். மேலே ஊற்றுவது கீழே கிணற்றுக்குச் செல்ல நெடுநாள் எடுக்காது. சுன்னாகம் மின் நிலையச் சூழலிலுள்ள கிணறுகளில் எண்ணெய் கலந்தபோது, சொந்தக் கிணறு முற்றத்தில் இருக்கப் பவுசர் தண்ணீருக்காகக் குடும்பங்கள் காத்து நின்றன. அது தொடர்பாக 2019 இல் உயர் நீதிமன்றம் நட்டஈடு வழங்கும்படி தீர்ப்பளித்தது. ஆனால் கெட்ட நிலத்தடி நீரை நட்டஈடு உடனே திருத்திவிடாது.

ஆகவே கிணற்றிலிருந்து குறைந்தது 50 அடி தள்ளி, தண்ணீர் கிணற்றுப் பக்கம் ஓடாத இடத்தில் வாகனத்தை நிறுத்துங்கள். எண்ணெய் கசியும் இடத்தை முதலில் மரத்தூளாலோ பழந்துணியாலோ ஒற்றி எடுத்து, அதனைத் தனியாகச் சேர்த்து வையுங்கள். குளத்திலோ வாய்க்காலிலோ இறக்கிக் கழுவும் பழக்கம் எமது ஊர்களில் உண்டு. அதனை நாம் செய்யக்கூடாது. அதே தண்ணீர்தான் கீழ்வயலுக்குப் பாய்கின்றது. மாடும் அதனையே குடிக்கின்றது.

கணக்குப் பார்த்துத் தொடங்குங்கள்

அடுத்த ஊரில் வாங்கும் கூலியைக் கேட்டு, அதற்குக் குறைவாகச் சொல்லித் தொடங்குவது பலர் விடும் தவறு. உங்கள் செலவு என்ன என்பதை முதலில் அறியவேண்டும். கீழே வரும் தொகைகள் கணக்குப் பழகுவதற்கு மட்டுமே. உங்கள் ஊர் விலைகளை இட்டுப் பாருங்கள்.

கருவிகளுக்கு 18,000 ரூபா செலவு என வைப்போம். ஒரு வருடத்தில் அதனை மீட்க மாதம் 1,500 ரூபா ஒதுக்கவேண்டும். மாதம் 60 வாகனம் கழுவினால் ஒன்றுக்கு 25 ரூபா. ஷம்பூ 30, துணித் தேய்மானம் 10, போக்குவரத்து 15. ஆக ஒரு வாகனத்துக்கு 80 ரூபா செலவு. கூலி 500 என்றால் மிச்சம் 420. மாதம் 25,200 ரூபா.

மழை மாதத்தில் 25 வாகனம் மட்டுமே கிடைத்தால்? கருவிப் பங்கு 25 இலிருந்து 60 ஆக உயரும். செலவு 115 ஆகும். மிச்சம் 385. மாதம் 9,625 ரூபா மட்டுமே.

கடன் எடுக்க நினைப்பவர்கள் பார்க்க வேண்டியது 25,200 ஐ அல்ல, 9,625 ஐ. அந்த மாதத்திலும் வீட்டுச் செலவு போகத் தவணை கட்ட முடியுமா? முடியாதென்றால் அந்தக் கடன் வேண்டாம். வாராந்தத் தவணைக்கு நுண்கடன் எடுத்து, ஒன்றை அடைக்க இன்னொன்று எடுத்து, எமது பெண்கள் பட்ட பாடு நாடறிந்தது. வறட்சி மாவட்டப் பெண்களின் ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக 2018 இல் அரசாங்கம் அறிவிக்கும் அளவுக்கு அது வந்தது. ஆழம் தெரியாமல் காலை விடவேண்டாம். வாளியும் துணியும் வாங்கக் கைக்காசு போதும். உழைத்த காசில் மற்றவற்றை ஒவ்வொன்றாகச் சேர்க்கலாம்.

வாடிக்கையாளரைத் தேடுதல்

முதல் வாரம் உங்கள் ஊர் ஓட்டோத் தரிப்பிடத்துக்குச் செல்லுங்கள். ஒரு ஓட்டோவை நன்றாகக் கழுவிக் காட்டுங்கள். பலர் ஏறி இறங்கும் வாகனம் அது. விளம்பரப் பலகை தேவையில்லை. பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றும் வான்கள், நெல் ஏற்றும் லொறிகள், அலுவலக வாகனங்கள், கலியாண மாதங்களில் மணமக்கள் வாகனங்கள் எனப் படிப்படியாக விரிக்கலாம். மாதம் நான்கு முறை என்று பேசி ஒழுங்குபண்ணும் வாடிக்கை, வந்துபோகும் பத்துப் பேரை விட மேலானது.

சொன்ன நேரத்துக்குச் செல்லுங்கள். வாகனத்தை நீங்களாக ஓடி நகர்த்தாதீர்கள். சேதம் ஏற்பட்டால் பொறுப்பு உங்கள் தலையில். உள்ளே கண்டெடுக்கும் ஒரு ரூபாக் குற்றியையும் கையில் கொடுங்கள். புதிதாகக் குடியேறிய ஊரில் எமக்குச் சாட்சி சொல்ல உறவினர் இல்லை. எமது நேர்மையே சாட்சி.

தொழிலின் பெயரைப் பிரதேச செயலகத்தில் பதிவு செய்துகொண்டால் அலுவலகங்களிலிருந்து வேலை பெறுவது இலகு. நிலையான சேர்விஸ் நிலையத்துக்குச் சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம் போன்றவை வேண்டும். வீடு வீடாகச் செல்பவருக்கு வரியோ அனுமதியோ உண்டா என்பதைப் பிரதேச சபையில் முன்கூட்டியே கேட்டறியுங்கள்.

குடும்பத்தில் இருவர் சேர்ந்து செய்தால் ஒருவர் வெளிப்புறத்தையும் மற்றவர் உட்புறத்தையும் பார்க்கலாம். கணவனும் மனைவியும் செய்யலாம். அயலிலுள்ள இரு பெண்களும் சேர்ந்து செய்யலாம். ஆனால் பாடசாலை செல்லும் பிள்ளையை வாளி தூக்க மறிக்க வேண்டாம். பிள்ளையின் படிப்பு தடைப்படாமல் இருக்கத்தானே இந்த உழைப்பு.

இது நிலத்துக்கு ஈடான தொழில் அல்ல. அப்படி நாம் சொல்லவும் இல்லை. காணி எமது உரிமை. அதைக் கேட்பதை நிறுத்த வேண்டியதில்லை. ஆனால் கேட்டுக்கொண்டிருக்கும் காலத்தில் கையேந்தாமல் வாழ ஒரு வழி வேண்டும். காணி திரும்பக் கிடைக்கும் நாளில், பற்றை வெட்டவும் கிணறு இறைக்கவும் கையில் கொஞ்சக் காசு இருந்தால், அது இந்த வாளியில் சேர்ந்த காசாக இருக்கட்டும்.