இடுப்பு வலியா? பாயைச் சுருட்டுங்க!

கிருமாம்பாக்கத்தில் ஒரு பக்கம் புதுச்சேரி–கடலூர் சாலை. மறுபக்கம் பாகூர் கொம்யூனின் நெல் வயல்கள். இரண்டுமே இடுப்பைப் பதம் பார்ப்பவை!

நடவு நடும் பெண்கள் காலையில் குனிந்தால், நிமிர்வது கஞ்சி நேரத்தில்தான். பஸ்சில் குலுங்கிப் போகும் குமாஸ்தாவுக்கு ஆபீசிலும் நாற்காலிதான் கதி. கடைக்காரர் பாடு கேட்கவே வேண்டாம். மூட்டையைத் தூக்கி இறக்கிவிட்டுக் கல்லாவில் உட்கார்ந்தால் ராத்திரிதான் எழுந்திருப்பார்.

"ஒரு வாரம் அசையாம படு, தானா சரியாயிடும்" என்பார்கள் வீட்டுப் பெரியவர்கள். அங்கேதான் தப்பு. படுத்தே கிடந்தால் முதுகைத் தாங்கும் தசை தளரும். எழுந்ததும் வலி கூடும். போன கூலியும் திரும்பாது.

2020இல் உலகம் பூராவும் சுமார் 61.9 கோடிப் பேருக்கு இந்த வலி இருந்தது. பத்தில் ஒன்பது பேருக்கு இன்ன கோளாறுதான் காரணம் என்று சுட்டிக்காட்ட முடியாது. நாள்பட்ட இடுப்பு வலிக்கு உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட நெறிமுறை, உடற்பயிற்சியையும் பிசியோதெரபியையும் சிபாரிசு செய்கிறது. எல்லாருக்கும் பெல்ட் மாட்டுவதும், எடை கட்டி இழுப்பதும் வேண்டாம் என்கிறது. பெல்ட்டுக்குக் கொடுத்த காசு போச்சு!

நடையும் மருந்துதான்

வலி வந்து குணமான 701 பேரை ஆஸ்திரேலியாவில் ஆராய்ந்தார்கள். பிசியோதெரபிஸ்ட் சொன்னபடி படிப்படியாக நடையைக் கூட்டியவர்களில் பாதிப் பேருக்கு, 208 நாள் வரை வலி திரும்பவில்லை. சும்மா விட்டவர்களுக்கோ 112 நாள்தான். முடிவு 2024இல் வெளிவந்தது.

வீட்டுப் பயிற்சிக்குக் கருவி வேண்டாம். மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடக்கி, பாதத்தை ஊன்றி இடுப்பை மெல்ல உயர்த்தி இறக்கலாம். ஒவ்வொரு காலாக மார்புப் பக்கம் இழுக்கலாம். லேசான வலி பரவாயில்லை. வலி காலுக்கு இறங்கினால் நிறுத்திவிட வேண்டும். யாருக்கு எது பொருந்தும் என்பதைப் பிசியோதெரபிஸ்ட் பார்த்துச் சொல்வதே நல்லது. டாக்டரைப் பார்க்கப் புதுச்சேரி டவுனுக்கு ஓட வேண்டியதில்லை. ஆறுபடை வீடு மருத்துவக் கல்லூரி கிருமாம்பாக்கத்திலேயே இருக்கிறது.

இது வேறு சமாசாரம்

சிறுநீரோ மலமோ கட்டுப்பாடில்லாமல் போனாலும், சிறுநீர் அடைத்துக்கொண்டாலும், தொடை இடுக்கு மரத்துப்போனாலும், கால் பலமிழந்தாலும் பயிற்சி கிடையாது. கீழே விழுந்த பிறகோ, காய்ச்சலோடோ வலி வந்தாலும் அப்படித்தான். காலையில் போய்க்கொள்ளலாம் என்று இருக்காமல், ராத்திரியானாலும் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விட வேண்டும்.