பொத்தானை அழுத்தினால் தேர்தல் முடிந்துவிடுமா?

கல்வியாண்டு தொடங்கிச் சில வாரங்களில் தமிழ்நாட்டின் பள்ளிகள் பலவற்றில் மாணவர் தலைவர் தேர்தல் நடக்கிறது. வாக்குப்பதிவு இயந்திரம்போல் இயங்கும் செல்போன் செயலி, சின்னங்கள், நீண்ட வரிசை, இடது ஆள்காட்டி விரலில் மை என எல்லாம் அசல் தேர்தலைப் போலவே இருக்கும். மை வைத்த விரல்களின் படம் செய்தித்தாளின் மாவட்டப் பக்கத்தில் வரும். பிள்ளைகளுக்கு ஜனநாயகத்தைப் பழக்கிவிட்டோம் என்ற நிறைவு பள்ளிக்கும் கிடைக்கும். ஆனால், பொத்தானை அழுத்துவதற்கு முன்னும் பின்னும் நடந்தவற்றைக் கேட்டால் கதை வேறு. வேட்பாளர்களை ஆசிரியர்களே தெரிவுசெய்திருப்பார்கள். செயலி காட்டிய எண்ணிக்கையை ஓர் ஆசிரியர் குறித்துக்கொண்டிருப்பார். இறைவணக்கக் கூட்டத்தில் வென்றவர் பெயரை வாசித்திருப்பார்கள். தோற்ற மாணவிக்குத் தன் வாக்கு எத்தனை என்றே தெரிந்திருக்காது. தேர்தலில் வாக்களிப்பது மிக எளிய பகுதி. தோற்றவரும் மறுக்க முடியாத ஒரு முடிவை எல்லோர் கண்முன்னும் உருவாக்குவதுதான் கடினம். மாதிரித் தேர்தல் கற்றுத்தர வேண்டியது இந்தக் கடினமான பகுதியைத்தான்.

இதற்கான அமைப்பு ஏட்டளவில் ஏற்கெனவே இருக்கிறது. 1950 ஜனவரி 25 அன்று உருவான இந்தியத் தேர்தல் ஆணையம், 2011 முதல் அந்த நாளைத் தேசிய வாக்காளர் தினமாகக் கொண்டாடுகிறது. 2018இல் அதே நாளில் தேர்தல் கல்விக் குழுக்கள் தொடங்கப்பட்டன. ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான மாணவர்கள் ‘வருங்கால வாக்காளர்கள்’. அவர்களுக்கு விளையாட்டுகள் வழியாகவும் மாதிரி வாக்குப்பதிவு வழியாகவும் தேர்தலை அறிமுகப்படுத்துவதே இவற்றின் நோக்கம். 2023 நவம்பரில் மத்தியக் கல்வி அமைச்சகத்துடன் ஆணையம் ஓர் ஒப்பந்தமும் செய்துகொண்டது. இவற்றின் பின்னணியில் உண்மையான கவலை ஒன்று உண்டு. 2024 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாடு முழுவதும் சுமார் 70% வாக்குகள் பதிவானபோது, மத்திய சென்னையிலும் தென் சென்னையிலும் சுமார் 54% மட்டுமே பதிவாயின. அதனால், ‘தவறாமல் வாக்களியுங்கள்’ என்பதே இத்தகைய முயற்சிகளின் மையக் குரலாகிவிட்டது. அந்த அறிவுரை தேவைதான். ஆனால், வாக்களிக்க வேண்டும் என்பது இந்நேரம் யாருக்கும் தெரியாத செய்தி அல்ல. போட்ட வாக்கு எப்படிப் பாதுகாக்கப்படுகிறது, எப்படி எண்ணப்படுகிறது என்பதுதான் படித்தவர்கள் பலருக்கும் தெரியாத செய்தி.

சந்தேகத்தின் மேல் கட்டிய ஏற்பாடு

நம் தேர்தல் நடைமுறை யாரையும் நம்பச் சொல்வதில்லை. வாக்குப்பதிவு தொடங்குவதற்கு 90 நிமிடங்களுக்கு முன்பே ஒவ்வொரு வாக்குச்சாவடியிலும் ஒரு மாதிரி வாக்குப்பதிவு நடக்கிறது. வேட்பாளர்களின் முகவர்கள் முன்னிலையில் குறைந்தது 50 வாக்குகளைப் பதிவுசெய்கிறார்கள். இயந்திரம் காட்டும் எண்ணிக்கையையும், போட்ட வாக்கைத் தாளில் அச்சிட்டுக் காட்டும் விவிபாட் கருவியின் சீட்டுகளையும் ஒப்பிட்டுப் பார்த்து, பதிவுகளை அழித்து, அந்தச் சீட்டுகளைக் கறுப்பு உறையில் இட்டு முத்திரை வைத்த பிறகே உண்மையான வாக்குப்பதிவு. மாலையில் எத்தனை வாக்குகள் பதிவாயின என்ற கணக்கு 17-சி படிவத்தில் எழுதப்படுகிறது. அதன் நகல் முகவர்களின் கைக்குப் போகிறது. எண்ணிக்கை நாளில் இயந்திரத்தைத் திறக்கும்போது அந்தப் படிவத்தோடு எண் பொருந்துகிறதா என்று அவர்களால் சரிபார்க்க முடியும். அதிகாரியைக் கட்சிக்காரர் சந்தேகிக்கலாம், ஒரு கட்சிக்காரரை இன்னொரு கட்சிக்காரர் சந்தேகிக்கலாம். அந்தச் சந்தேகங்களுக்கெல்லாம் பதில் சொல்லும் விதத்தில் ஒவ்வொரு படியும் அமைந்திருக்கிறது. பள்ளியின் மாதிரித் தேர்தல் மையையும் சின்னத்தையும் மட்டும் எடுத்துக்கொண்டு, முகவரையும் படிவத்தையும் விட்டுவிடுகிறது. வெளித்தோற்றம் வந்து சேர்கிறது. தேர்தலைத் தேர்தலாக்கும் பகுதி வாசலிலேயே நின்றுவிடுகிறது.

விதிகள் ஏன் முக்கியம் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே பாடம் இருக்கிறது. 2016 சட்டமன்றத் தேர்தலில் ராதாபுரம் தொகுதியில் அதிமுகவின் இன்பதுரை 49 வாக்கு வித்தியாசத்தில் வென்றதாக அறிவிக்கப்பட்டார். தோற்ற திமுக வேட்பாளர் அப்பாவு நீதிமன்றம் சென்றார். தள்ளுபடி செய்யப்பட்ட 203 தபால் வாக்குகள் வழக்கின் மையமாயின. அவற்றில் சான்றொப்பம் இட்டிருந்தவர்கள் நடுநிலைப் பள்ளித் தலைமை ஆசிரியர்கள். அவர்களுக்கு அந்த அதிகாரம் உண்டா என்பதே கேள்வி. 2019இல் உயர் நீதிமன்ற உத்தரவின்படி மறு எண்ணிக்கை நடந்தது. ஆனால், அதன் முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. ஒரு வாக்கு செல்லுமா செல்லாதா என்பதை எண்ணிக்கை மேசையில் முடிவுசெய்யும்போது, அது ஒரு தொகுதியின் தலைவிதியையே தொடக்கூடும். எட்டாம் வகுப்பு மாணவர் ஒருவர், கோட்டின் மேல் முத்திரை குத்தப்பட்ட வாக்குச்சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு ‘இது யாருக்கு?’ என்று இரண்டு முகவர்களுக்கு நடுவில் திணறும்போது, இந்த வழக்கின் சாரத்தைப் பாடநூல் இல்லாமலே புரிந்துகொள்வார்.

பள்ளியில் எப்படி நடத்தலாம்?

முதல் வேலை வாக்காளர் பட்டியல். வருகைப் பதிவேட்டிலிருந்து மாணவர்களே அதைத் தயாரிக்கட்டும். அறிவிப்புப் பலகையில் ஒட்டி, விடுபட்ட பெயர், பிழையான பெயர் பற்றிய ஆட்சேபங்களுக்கு இரண்டு நாள் அவகாசம் கொடுக்கட்டும். அடுத்தது வேட்புமனு. ஆசிரியர்கள் வடிகட்டித் தரும் பட்டியலைவிட, யாரும் நிற்கலாம் என்று விட்டுவிட்டு அதனால் வரும் சிக்கலை மாணவர்களே அவிழ்ப்பது பயனுள்ளது. 1996இல் மொடக்குறிச்சி சட்டமன்றத் தொகுதியில் 1,033 பேர் போட்டியிட்டார்கள். விவசாயிகளின் எதிர்ப்பு அப்படி வேட்புமனுக்களாக வெளிப்பட்டது. தேர்தலைத் தள்ளிவைத்து, வாக்குச்சீட்டைப் புத்தகமாகவே அச்சிட வேண்டியதாயிற்று. அதே ஆண்டில் டெபாசிட் தொகை உயர்ந்தது. சுயேச்சைகளுக்குப் பத்து முன்மொழிபவர்கள் வேண்டும் என்ற விதியும் வந்தது. ஒரு வகுப்பில் இருபது பேர் மனுப் போட்டால் என்ன செய்வது என்று மாணவர்களிடம் கேளுங்கள். பணம் கட்டச் சொன்னால் ஏழைப் பிள்ளை நிற்க முடியாது. ஐந்து பேர் கையெழுத்து கேட்டால் நண்பர்கள் இல்லாத பிள்ளை நிற்க முடியாது. எந்த விதியும் யாரையோ வெளியே நிறுத்துகிறது என்பதை அவர்களே கண்டுபிடிப்பார்கள்.

வாக்குப்பதிவுக்குச் செயலியைவிடக் காகிதச் சீட்டே மேல் என்பேன். செயலியில் ஒரு குழந்தை பொத்தானை அழுத்துகிறது, எண் வருகிறது. நடுவில் என்ன நடந்தது என்பதை யாராலும் சரிபார்க்க முடியாது. வாக்களித்தவர் தன் வாக்கு பதிவானதைக் கண்ணால் காண வேண்டும் என்ற கோரிக்கையால்தான் ஏழு விநாடிகள் சீட்டைக் காட்டும் விவிபாட் கருவியே நடைமுறைக்கு வந்தது. செல்போன் செயலியில் அந்த ஏழு விநாடிகள் இல்லை. காகிதத்தை மடித்து, முத்திரையிட்ட பெட்டியில் போட்டு, முகவர்கள் முன் கொட்டி, கட்டுக் கட்டாகப் பிரித்து எண்ணும்போது ஒவ்வொரு வாக்கும் கண்ணுக்குத் தெரியும். வாக்குச்சாவடித் தலைமை அலுவலர், பட்டியலில் பெயரைப் படிப்பவர், மை வைப்பவர், சீட்டுத் தருபவர், முகவர்கள், எண்ணுபவர்கள் என்று ஒரு வகுப்பில் பதினைந்து பேருக்காவது வேலை கிடைக்கும். வேண்டுமென்றே சில சிக்கல்களையும் வைக்கலாம். ஒரு மாணவி வரும்போது அவர் பெயரில் ஏற்கெனவே யாரோ வாக்களித்திருக்கிறார். இப்போது என்ன செய்வது? ‘சர்க்கார்’ படத்தால் ஊரெங்கும் பேசப்பட்ட 49-பி விதியின்படி அவருக்குத் தனிச் சீட்டு தரப்படும். ஆனால், வழக்கமான எண்ணிக்கையில் அது சேராது, உறையில் தனியே இருக்கும். ஏன் அப்படி என்று அரை மணி நேரம் விவாதிக்கலாம். கடைசியில், பதிவானவை, செல்லாதவை, நோட்டா, ஒவ்வொருவரும் பெற்றவை எல்லாம் ஒரே தாளில் எழுதப்பட்டு, தோற்றவர்களின் முகவர்களும் கையெழுத்திட்ட பிறகே முடிவை அறிவிக்க வேண்டும்.

எதிர்ப்புகளில் நியாயம் உண்டு

இதற்கு எழும் ஆட்சேபங்களில் மிகக் கனமானது சாதி. தேர்தல் என்றாலே தெருவாரியாகப் பிள்ளைகள் பிரிவார்கள், பள்ளிக்குள் இல்லாத பகையையும் அது கொண்டுவரும் என்று தென் மாவட்ட ஆசிரியர்கள் அஞ்சினால், அதை அலட்சியப்படுத்த முடியாது. 2023இல் நாங்குநேரியில் பட்டியலினத்தைச் சேர்ந்த பிளஸ் டூ மாணவரும் அவர் தங்கையும் சக மாணவர்களால் வீடு புகுந்து வெட்டப்பட்டார்கள். அதன் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் அளித்த அறிக்கையில், சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளுக்குத் தடை வேண்டும் என்றது. தேர்தல் நடத்தாமல் இருந்தால் அந்தக் கயிறுகள் அவிழ்ந்துவிடுவதில்லை என்பது உண்மை. அதற்காக எப்படி வேண்டுமானாலும் நடத்தலாம் என்றும் ஆகாது. இங்கும் தேர்தல் விதிகளிலேயே வழி இருக்கிறது. காகிதச் சீட்டுக் காலத்தில், எந்தப் பகுதி யாருக்கு வாக்களித்தது என்று தெரிந்து பழிவாங்கும் அபாயம் இருந்த தொகுதிகளில், பல சாவடிகளின் சீட்டுகளைக் கலந்து எண்ண விதி இடமளித்தது. இயந்திரம் வந்தபின் அந்தப் பாதுகாப்பு போய்விட்டது. பல இயந்திரங்களின் வாக்குகளைச் சேர்த்துக் காட்டும் டோட்டலைசர் கருவியை 2008இல் ஆணையம் முன்மொழிந்தது, 2015இல் சட்ட ஆணையமும் பரிந்துரைத்தது. இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. பள்ளி அதைச் செய்யலாம். வகுப்புவாரியாக எண்ணாமல் எல்லாப் பெட்டிகளையும் ஒன்றாகக் கொட்டிக் கலந்து எண்ண வேண்டும். பதற்றம் மிகுந்த ஊர்களில், முதல் ஓரிரு ஆண்டுகளுக்கு ஆட்களுக்குப் பதிலாகத் தீர்மானங்களை வாக்குக்கு விடலாம்: நூலக நேரத்தை மாற்றலாமா, எந்த விளையாட்டுப் பொருளை வாங்கலாம் என்பதுபோல. நடைமுறை அதேதான்; மோதிக்கொள்ளும் இடம் மட்டும் குறையும்.

இரண்டாவது ஆட்சேபம், கட்சி அரசியலும் காசும் உள்ளே வந்துவிடும் என்பது. கல்லூரித் தேர்தல்களுக்காக முன்னாள் தலைமைத் தேர்தல் ஆணையர் ஜே.எம்.லிங்டோ தலைமையிலான குழு 2006இல் தந்த பரிந்துரைகளை உச்ச நீதிமன்றம் ஏற்றது. ஒரு வேட்பாளருக்கு 5,000 ரூபாய் செலவு வரம்பு, அச்சிட்ட சுவரொட்டிக்குத் தடை, கையால் எழுதியவற்றுக்கு மட்டும் அனுமதி என்பவை அவற்றில் சில. பள்ளிக்கு வரம்பு பூஜ்யமாகவே இருக்கலாம்: ஒரு சார்ட் தாள், ஐந்து நிமிடப் பேச்சு, எதிராளியிடமிருந்து ஒரு கேள்வி. அதே சமயம், கட்சிகளின் பெயரையே பள்ளியில் உச்சரிக்கக் கூடாது என்ற அச்சம் உலகம் முழுவதும் இல்லை. ஜெர்மனியில் 1999 முதல் நடக்கும் ‘யூனியர்வால்’ திட்டத்தில் மாணவர்கள் உண்மையான கட்சிகளுக்கே மாதிரி வாக்களிக்கிறார்கள். முடிவு, நிஜத் தேர்தலின் வாக்குப்பதிவு முடிந்த பிறகே வெளியாகிறது. கனடாவின் மாணவர் வாக்களிப்புத் திட்டமும் அப்படியே. இங்கே உடனே அதற்குப் போக வேண்டியதில்லை. ஆனால், மேல்நிலை வகுப்புகளில் கட்சிகளின் தேர்தல் அறிக்கைகளை அருகருகே வைத்துப் படிப்பது பிரச்சாரம் ஆகாது.

மூன்றாவது ஆட்சேபமே எனக்கு மிகச் சரியாகப் படுகிறது: வென்ற மாணவருக்கு எந்த அதிகாரமும் இல்லை என்றால், இத்தனை சடங்கு எதற்கு? வரிசையை ஒழுங்குபடுத்தவும் விருந்தினருக்கு மாலை போடவும் மட்டுமே மாணவர் தலைவர் என்றால், தேர்தல் பொருளற்ற வேலை என்பதையே அது கற்றுத்தரும். அதிகாரம் சிறிதாக இருக்கலாம், உண்மையாக இருக்க வேண்டும். ஒரு சிறு தொகையைச் செலவிடும் உரிமை, கழிப்பறை பராமரிப்பு பற்றித் தலைமை ஆசிரியரிடம் எழுத்தில் பதில் பெறும் உரிமை, பருவத்துக்கு ஒருமுறை வகுப்புகள் முன் நின்று வாக்குறுதிக் கணக்கைச் சொல்லும் கடமை ஆகியவை போதும். அமெரிக்காவில் 1980களின் இறுதியில் அரிசோனாவில் தொடங்கிய ‘கிட்ஸ் வோட்டிங்’ திட்டத்தைக் கலிஃபோர்னியாவின் சான் ஓசே நகரில் ஆராய்ந்தவர்கள், பிள்ளைகள் வகுப்பில் பேசியதை வீட்டுக்குக் கொண்டுபோனபோது பெற்றோரின் அரசியல் பேச்சும் அறிவும் கூடியதைக் கண்டார்கள். வசதி குறைந்த குடும்பங்களில் இந்தப் பயன் குறிப்பிடத்தக்கதாக இருந்தது. வீட்டில் பேசுவதற்கு விஷயம் இருக்க வேண்டும். மை வைத்த விரலைப் பற்றி ஒரு மாலை பேசலாம். மூன்று வாக்கில் தோற்ற கதையையும், செல்லாத நான்கு சீட்டுகளையும் பற்றி ஒரு வாரம் பேசலாம்.

நேரம் எங்கே என்பது கடைசிக் கேள்வி. பட்டியல் தயாரிப்பதும் சதவீதம் கணக்கிடுவதும் கணிதம், பேச்சு தமிழ், விதிகள் சமூக அறிவியல். நான்கைந்து பாடவேளைகளைப் பகிர்ந்துகொண்டால் முடிந்துவிடும். பயிற்சி தர வெளியாள் தேவையில்லை என்பதும் பலருக்குத் தோன்றாத வசதி. பொதுத்தேர்தலில் வாக்குச்சாவடிப் பணிக்குப் போகிறவர்களில் பெரும் பங்கினர் ஆசிரியர்கள். பல சாவடிகள் இருப்பதும் பள்ளிக் கட்டடங்களில்தான். 17-சி படிவத்தை நிரப்பி முகவர்களோடு வாதாடிய அனுபவம் ஆசிரியர் அறையிலேயே உட்கார்ந்திருக்கிறது. அதை வகுப்பறைக்குக் கொண்டுவர ஒரு சுற்றறிக்கைகூட வேண்டாம். பதினேழு வயது நிறைந்தவர்கள் வாக்காளர் பட்டியலுக்கு முன்கூட்டியே படிவம் 6 கொடுக்கலாம் என்று இப்போது விதி இருக்கிறது. பதினெட்டு நிறையும் நாளைப் பொறுத்து ஆண்டில் நான்கு தகுதி நாட்களும் உண்டு. பிளஸ் டூ மாணவர் அந்தப் படிவத்தை நிரப்பும்போது, தன் பெயர் எந்தப் பட்டியலில் சேரும், யார் அதைப் படிப்பார், எங்கே சரிபார்ப்பார்கள் என்று தெரிந்து நிரப்பினால், மாதிரித் தேர்தல் தன் வேலையைச் செய்துவிட்டது என்று பொருள்.