துலா அறிந்த அளவு

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே வற்றாத ஆறென்று சொல்லத்தக்கது ஒன்றேனும் இல்லை. வழுக்கையாறு மாரியில் ஓடிக் கோடையில் வறண்டு கிடக்கும். மலையுமில்லை; மலையினின்று இழியும் அருவியுமில்லை. இருந்தும் அம்மண்ணிலே வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் விளைகின்றன. வாழையும் மாவும் தழைக்கின்றன. ஆறில்லா ஊருக்கு இச்செழிப்பை அளித்தது யாது? கிணறே அளித்தது.

கிணற்றுக்கு நீர் எங்கிருந்து வருகின்றது என்பதை நம்மிற் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. குடாநாட்டின் அடியிலே சுண்ணாம்புக்கல் பரந்து கிடக்கின்றது. அக்கல்லில் வெடிப்புக்களும் பொந்துகளும் பல. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் வடகீழ்ப் பருவமழை அவற்றின் வழியே இறங்கி அடியிலே தங்குகின்றது. ஆயின், கடல்நீரும் அதே கல்லினூடாக உட்புகுந்து கீழே நிற்கின்றது. அதனினும் பாரங் குறைந்த மழைநீர், தண்ணீரின்மேல் எண்ணெய் மிதத்தல்போல அதன்மேல் மிதக்கின்றது. புத்தூரை அடுத்த நிலாவரைக் கிணற்றிலே மேல்நீர் நன்னீராகவும் ஆழத்து நீர் உவராகவும் இருத்தல் இதற்குக் கண்கண்ட சான்றாகும்.

இங்கு மாணவர் மனங்கொள்ள வேண்டிய கணக்கொன்று உண்டு. கடல்மட்டத்துக்கு மேலே 1 அடி உயரத்துக்கு நன்னீர் நிற்குமாயின், அம்மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 அடி ஆழம் வரை நன்னீர் இருக்கும். இதனை மறுபுறமாகவும் நோக்குதல் வேண்டும். இறைத்திறைத்து மேல்மட்டத்தை 1 அடி தாழ்த்துவோமாயின், நாளடைவில் கீழேயுள்ள உவர்நீர் ஏறத்தாழ 40 அடி மேலேறும். மேலே சிறிதாகத் தோன்றும் இழப்பு கீழே பேரிழப்பாகின்றது.

நம் முன்னோர் இக்கணக்கை அறிந்திருந்தனரோ இலரோ, அவர்களுடைய துலா அதனை அறிந்திருந்தது எனலாம். விடியுமுன்னரே ஒருவர் துலாமீதேறி முன்னும் பின்னுமாக நடந்து மிதிப்பார். ஒருவர் பட்டை பிடித்து இறைப்பார். மற்றொருவர் வாய்க்காலிலே நின்று பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறுவார். வெயில் ஏறக் கால்கள் சோரும், இறைப்பும் நிற்கும். கிணறு மறுநாட் காலைக்குள் மீண்டும் ஊறிவிடும். மனித உடலின் களைப்பே கிணற்றுக்குக் காவலாயிற்று.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி தொட்டு நீரிறைக்கும் இயந்திரம் தோட்டங்கள்தோறும் பரவியது. துலா மிதித்தவரின் கால் நோவை அறிந்த எவரும் அப்பழைய காலம் திரும்பவேண்டுமென்று கூறார். இயந்திரம் மனிதனை விடுவித்தது. அதுவே கிணற்றின் காவலையும் நீக்கிவிட்டது. இயந்திரத்துக்குக் களைப்பில்லை. கரையோரக் கிணறுகள் சில உவராகி, குடிப்பதற்கும் பயிருக்கும் உதவாமற் போயின.

நாம் மண்ணிலிருந்து எடுப்பதைப் போலவே மண்ணுக்குக் கொடுப்பதும் மாறியது. முன்னர் ஆட்டெருவும் மாட்டெருவும் இட்டுக் குழை தாழ்த்தினர். பின்னர் செயற்கை உரம் வந்தது. பயிர் உண்டது போக எஞ்சிய நைத்திரேற்று, மழையோடும் இறைப்பு நீரோடும் கல்வெடிப்புக்களின் வழியே கிணற்றை அடைகின்றது. கிணற்றுக்கு அண்மையில் வெட்டிய மலசலகூடக் குழியின் கசிவும் அவ்வழியே செல்கின்றது. குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமைக் கடத்தலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. வலிகாமத்துத் தோட்டப் பகுதிகளிலே நடந்த ஆய்வுகள், கிணறுகள் பலவற்றில் இவ்வெல்லை மீறப்பட்டிருந்தமையைக் காட்டியுள்ளன.

தாய்மார் இதனை விசேடமாகக் கவனித்தல் நன்று. நைத்திரேற்று மிகுந்த நீரிற் பால்மாவைக் கரைத்துக் கைக்குழந்தைக்கு ஊட்டினால், குழந்தையின் குருதி ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலை இழந்து உடல் நீலம் பாரிக்கக்கூடும். கொதிக்கவைத்தால் தீங்கு நீங்கிவிடுமென்று எண்ணுதல் தவறு. கிருமிகள் மாளும், நைத்திரேற்றோ போகாது. நீர் ஆவியாகி வற்ற வற்ற அதன் செறிவு கூடவே செய்யும். நிறமும் மணமும் சுவையும் அதனைக் காட்டிக்கொடா. ஆதலாற் கிணற்று நீரைப் பரிசோதித்து அறிதலே வழியாகும்.

செய்யத்தக்கவை அரியனவல்ல. பயிருக்கு வேண்டிய அளவே இறைத்தல், மண்ணைச் சோதித்து அதற்கேற்ப உரமிடுதல், மலசலகூடக் குழியைக் கிணற்றுக்குத் தொலைவில் அமைத்தல், ஊர்க் குளங்களைத் தூர்வாரி மாரிநீரைத் தேக்குதல் என்பன அவை. குளத்திலே தேங்கும் நீர் மெல்ல மெல்ல நிலத்துள் இறங்கி, கோடையிலே நம் கிணற்றில் ஊறுகின்றது. குளத்தை மண்ணிட்டு நிரப்பி வீடு கட்டுபவர், தம் கிணற்றின் ஊற்றையும் அயலவரின் ஊற்றையும் அடைத்தவராகின்றார்.

வேலியிட்டு நம் காணியைப் பிரிக்கலாம். அடியிலுள்ள நீரைப் பிரிக்கமுடியாது. ஒரு தோட்டத்தில் மிகையாக இறைத்ததன் பயனை அடுத்த வளவுக் கிணறு அனுபவிக்கும். இன்று இட்ட உரத்தை நாளைய குழந்தை பருகும். துலாவின் காலத்திலே உடலின் களைப்பு அளவைக் காத்தது. இயந்திரத்தின் காலத்திலே அவ்வளவைக் காக்கவேண்டியது நம் அறிவேயாகும்.