இன்னொரு நாயைக் கண்டால் உங்கள் நாய் ஏன் பாய்கிறது?

மாணவர்களே, வீட்டில் காலடியில் சுருண்டு படுத்திருக்கும் நாய், வெளியே அழைத்துப் போனால் ஆளே மாறிவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். எதிரே இன்னொரு நாய் வந்தால் போதும். பின்னங்காலில் எழும்பி, கயிறே அறுந்துவிடும்போல் பாய்ந்து குரைக்கும். நீங்கள் அதட்டி, இழுத்து, பக்கத்து வீட்டார் பார்க்கிறார்களே என்று கூசி வீடு திரும்புவீர்கள். இரண்டு முறை இப்படி நடந்தால் அப்பா, "இனி வெளியே கொண்டு போகாதே, கட்டிப் போடு" என்று சொல்லிவிடுவார். அதன் பிறகு அந்த நாய்க்கு உலகமே 2 மீட்டர் சங்கிலிதான்.

இப்படிப் பாயும் நாய்களில் பல, கோபத்தால் அல்ல, பயத்தால்தான் பாய்கின்றன. படிவம் 4 உயிரியலில் அட்ரினல் சுரப்பியைப் பற்றிப் படிப்பீர்கள். அமெரிக்க உடலியல் அறிஞர் வால்டர் கேனன் 1915-இல் விளக்கிய "சண்டையிடு அல்லது ஓடு" என்ற எதிர்வினை நாய்க்கும் உண்டு. சிறுநீரகங்களின் மேல் இருக்கும் அந்தச் சுரப்பி அட்ரினலினை இரத்தத்தில் கலக்கிறது. இதயம் வேகமாகத் துடிக்கிறது, கண்மணி விரிகிறது, செரிமானம் மட்டுப்படுகிறது, இரத்தம் தசைகளுக்குப் பாய்கிறது. நாய் இப்போது ஓடலாம், அல்லது சண்டையிடலாம். ஆனால் அதன் கழுத்தில் நீங்கள் பிடித்திருக்கும் கயிறு இருக்கிறதே! ஓடும் வழி அடைபட்டுவிட்டது. மிச்சம் ஒன்றுதான்.

அவிழ்த்துவிடப்பட்ட இரண்டு நாய்கள் சந்திப்பதைக் கவனியுங்கள். பெரும்பாலும் நேருக்கு நேர் வராது. சற்று வளைந்து, பக்கவாட்டில் வந்து முகர்ந்து பார்க்கும். நம் தாமானின் குறுகிய லோரோங்கில் கயிற்றோடு போகும்போது, இரண்டையும் நாமே நேர்க்கோட்டில் மோதவிடுகிறோம். நாய்களின் வழக்கப்படி அது மரியாதைக் குறைவு.

அடுத்தது கற்றல். உங்கள் நாய் குரைக்கிறது. எதிரே வந்தவர் தம் நாயை இழுத்துக்கொண்டு போய்விடுகிறார். அவர் எப்படியும் போகத்தான் போகிறார். ஆனால் உங்கள் நாயின் கணக்கு வேறு: "நான் குரைத்தேன், ஆபத்து விலகியது." ஒவ்வொரு மாலையும் இந்தப் பாடம் உறுதிப்படுகிறது. நீங்கள் கயிற்றைச் சுண்டி இழுத்தால் இன்னொரு பாடமும் சேர்கிறது. இன்னொரு நாய் தெரியும்போதெல்லாம் கழுத்து வலிக்கிறது என்று அது இரண்டையும் இணைத்துக்கொள்கிறது. அடியும் அப்படித்தான். அடிக்குப் பயந்து குரைப்பை அடக்கும் நாய் சில நேரம் எச்சரிக்கையே இல்லாமல் கடித்துவிடும். அது இன்னும் ஆபத்து.

சரி, என்ன செய்வது? இங்கேதான் ரஷ்ய அறிஞர் இவான் பாவ்லோவ் வருகிறார். செரிமான ஆய்வுக்காக 1904-இல் நோபல் பரிசு பெற்றவர். ஓர் ஒலிக்குப் பின் தவறாமல் உணவு வந்தால், சில நாளில் ஒலியைக் கேட்டதுமே நாய்க்கு உமிழ்நீர் ஊறும் என்று காட்டினார். நமக்கு அந்த ஒலியின் இடத்தில் இருப்பது, தூரத்தில் தெரியும் இன்னொரு நாய்.

அவித்த கோழியைச் சுண்டுவிரல் நகமளவு துண்டுகளாக்கிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு நாய் தூரத்தில் தெரிய வேண்டும். உங்கள் நாய் அதைப் பார்க்க வேண்டும். பார்த்தபின் துண்டு கொடுங்கள். வரிசை முக்கியம். துண்டு முதலில் வந்து நாய் பிறகு தெரிந்தால் பாடம் தலைகீழாகிவிடும். அந்த நாய் மறைந்ததும் கோழியும் நிற்க வேண்டும்.

எவ்வளவு தூரம்? உங்கள் நாயே சொல்லும். அது கோழியை வாங்க மறுத்தால், அல்லது விரலோடு சேர்த்து வெடுக்கென்று பிடுங்கினால், நெருங்கிவிட்டீர்கள் என்று பொருள். அட்ரினலின் எழும்போது பசி அடங்கிவிடும் அல்லவா? உடனே திரும்பி விலகுங்கள். ஒரு நாய்க்கு 30 மீட்டர் போதும், இன்னொன்றுக்கு 60 மீட்டரும் போதாது. குறுகிய லோரோங்கில் இந்தத் தூரம் கிடைக்காது. ஆள் நடமாட்டம் குறைந்த அதிகாலையில் திறந்த திடலைத் தேடுங்கள். நாயிடமிருந்து விலகி நடக்க விரும்பும் மலாய்க் குடும்பங்கள் நம் ஊரில் அதிகம். அவர்களைக் கண்டால் கயிற்றைக் குட்டையாகப் பிடித்து ஒதுங்கி நிற்பதுதான் முறை.

அறிவியல் மன்றத்தில் இருப்பவர்கள் இதை ஓர் ஆய்வாகவே செய்யலாம். தூரம் தற்சார்பு மாறி. நாய் துண்டை அமைதியாக வாங்கியதா என்பது சார்பு மாறி. நேரம், இடம், தீனி மாறக்கூடாது. ஒரு மாதம் குறித்து வைத்து வரைபடம் போடுங்கள். கோடு நேராக இறங்காது. நவம்பரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கி, தியோமான் படகுகள் குறைந்து, நீங்களும் வெளியே போகாமலிருந்தால் அது மீண்டும் ஏறும். மழைக்குப் பின் பழைய தூரத்திலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

வாலையும் பாருங்கள். 2007-இல் இத்தாலிய ஆய்வாளர்கள் 30 நாய்களைச் சோதித்தார்கள். உரிமையாளரைக் கண்டபோது வால் நாயின் வலப்பக்கம் அதிகம் ஆடியது. மிரட்டும் தோற்றமுள்ள அந்நிய நாயைக் கண்டபோது இடப்பக்கம் அதிகம் ஆடியது. வால் ஆட்டும் நாயெல்லாம் நட்பு காட்டவில்லை என்பது இதில் தெரிகிறது.

தெருநாய் நெருங்கி வந்தால் ஓடாதீர்கள். கைப்பிடித் தீனியை அதன் முன் வீசிவிட்டு, நிறுத்தியிருக்கும் காரை நடுவில் விட்டு விலகுங்கள். நாய்கள் சண்டையிட்டால் நடுவில் கையை விடவே கூடாது. சொந்த நாயே தெரியாமல் கடிக்கும். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள். பெரிய நாயென்றால் பெரியவர் ஒருவர் பிடிக்கட்டும், வாய்க்கூடும் போடுங்கள். இதுவரை அமைதியாக இருந்த நாய் திடீரென்று பாயத் தொடங்கினால், காதிலோ மூட்டிலோ வலி இருக்கலாம். முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

கடி பட்டால் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். நம் நாட்டில் வெறிநாய்க்கடி நோய் 2015-இல் வட மாநிலங்களிலும், 2017-இல் சரவாக்கிலும் தலைகாட்டியது. சிறு கீறல்தானே என்று அம்மாவிடம் மறைக்க வேண்டாம்.