பழைய பெட்டியில் தட்டைத் திரை

1984இல் வெளிவந்த ஆப்பிள் மெக்கின்டாஷின் 9 அங்குலப் படக்குழாய்க்கு ஆயிரக்கணக்கான வோல்ட் மின்னழுத்தம் வேண்டும். திருமலைராயன்பட்டினம் போன்ற கடலோர ஊரில் உப்புக்காற்று சர்க்யூட் போர்டை அரிக்கும். ஈரத்தில் மின்சாரம் கசியும். குழாய் பழுதான பெட்டியில், முதல் ஐபேடிலிருந்து கழற்றிய 9.7 அங்குலத் திரையைப் பொருத்துவதே தக்க வழி. கணக்கும் கச்சிதமாக ஒத்துவருகிறது: மெக்கின்டாஷ் படம் 512 × 342 புள்ளிகள், ஐபேட் திரை 1024 × 768. சிக்னலை மாற்றும் சிறு போர்டு ஒவ்வொரு புள்ளியையும் இருமடங்காக்கினால் அகலம் முழுதும் நிரம்பும். மேலேயும் கீழேயும் தலா 42 வரிகள் மட்டும் கறுப்பாக இருக்கும். எழுத்தின் விளிம்பு மங்காது.

இது வரலாற்றுப் பொருளைச் சிதைப்பதாகாதா என்று கேட்கலாம். வளைந்த கண்ணாடிக்கென வார்த்த முகப்பில் தட்டைத் திரை ஓரங்களில் இடைவெளி விடும். குழாயின் ஒளிர்வும் வராது. இந்த இழப்பு உண்மைதான். ஆகவே வேலை செய்யும் குழாயைத் தொடக் கூடாது. பெட்டியில் புதுத் துளை போடாமல் பழைய திருகுத் துளைகளிலேயே சட்டத்தை மாட்ட வேண்டும். கழற்றியவற்றைப் பத்திரப்படுத்த வேண்டும். ஆனால் மவுஸால் படக்குறிகளைத் திறக்கும் முறையைப் பரவலாக்கிய இயந்திரம் இது. அதன் அருமை இயங்கினால்தான் விளங்கும். மீண்டும் பழைய நிலைக்குக் கொண்டுவரக்கூடிய மாற்றம், பாதுகாப்பின் ஒரு பகுதியே.