'எங்க வீட்ல இப்படித்தான் சரியாச்சு': பக்கத்து வீட்டு யோசனையை எப்போது கேட்கலாம், எப்போது கேட்கக் கூடாது?

2023 மே 27, சனிக்கிழமை. அன்று காலை கம்பம் நகரத் தெருக்களுக்குள் அரிக்கொம்பன் யானை நுழைந்தது நினைவிருக்கும். கேரளாவின் சின்னக்கானலில் பிடிக்கப்பட்டு, பெரியாறு புலிகள் காப்பகத்தில் விடப்பட்ட யானை அது. ஒரே மாதத்தில் மலையிறங்கி ஊருக்குள் வந்துவிட்டது. 144 தடை உத்தரவு போடப்பட்டது. "யாரும் வெளியே வராதீங்க" என்று அதிகாரிகள் எச்சரித்துக்கொண்டிருந்தார்கள். அதே நேரத்தில் யானையைப் பார்க்கவும் வீடியோ எடுக்கவும் ஒரு கூட்டம் வெளியே திரண்டிருந்தது. அன்று யானையால் காயமடைந்த ஒருவர் சில நாட்களில் உயிரிழந்தார். ஜூன் 5-ம் தேதிதான் யானை பிடிபட்டது.

ஒரு தெருவில் எப்போதும் இரண்டு குரல்கள் இருக்கும். ஒன்று "உள்ளே போ" என்று சொல்லும். இன்னொன்று "அட, ஒண்ணும் ஆகாது, வா பார்க்கலாம்" என்று கூப்பிடும். யானை வருவது அபூர்வம். ஆனால் பாம்புக்கடி, காய்ச்சல், குடிதண்ணீர், ஆற்றில் வெள்ளம் என்று தேனி மாவட்டத்தில் அடிக்கடி வரும் விஷயங்களிலும் இதே இரண்டு குரல்களைக் கேட்கிறோம். எதை நம்புவது?

அண்டை வீட்டார் சொல்வதில் என்ன நல்லது?

முதலில் இதைச் சொல்லிவிட வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் சொல்வதெல்லாம் வெறும் பேச்சு இல்லை. நகராட்சித் தண்ணீர் எத்தனை மணிக்கு வரும், ரேஷன் கடையில் இன்றைக்கு என்ன போடுகிறார்கள், எந்த பிளம்பர் சொன்ன நேரத்துக்கு வருவார், ராத்திரி எந்த மெடிக்கல் திறந்திருக்கும்... இதெல்லாம் எந்தப் புத்தகத்திலும் கிடைக்காது. தெருவில் பத்து வருஷம் இருந்தவருக்குத்தான் தெரியும்.

இந்த மாதிரி யோசனைகளுக்கு ஒரு பொதுவான குணம் உண்டு. தப்பாகப் போனால் உடனே தெரிந்துவிடும். பெரிய நஷ்டமும் வராது. பிளம்பர் சரியில்லை என்றால் அடுத்த முறை வேறு ஆளைக் கூப்பிடுவோம். அப்படித் தெருவே சோதித்துச் சோதித்துச் சேர்த்த அறிவு அது. நம்பலாம்.

அப்படியென்றால் எங்கே தடுமாறுகிறது?

"எங்க மாமாவுக்குப் பாம்பு கடிச்சப்போ கயிறு கட்டி, பச்சிலை போட்டுத்தான் பிழைச்சார்" என்று ஒருவர் சொன்னால், அவர் பொய் சொல்லவில்லை. மாமா பிழைத்தது நிஜம். ஆனால் பிழைத்தது கயிற்றாலா என்பதுதான் கேள்வி.

நம் ஊரில் திரியும் பாம்புகளில் பெரும்பாலானவை விஷமில்லாதவை. விஷப் பாம்பு கடித்தாலும், சில நேரம் விஷத்தை உள்ளே செலுத்தாமல் விட்டுவிடும். அப்படிப்பட்ட கடிக்கு என்ன வைத்தியம் செய்தாலும் 'பலித்தது' போலத்தான் தெரியும். பேர் பச்சிலைக்குப் போய்விடும். பலிக்காமல் போனவர், திண்ணையில் உட்கார்ந்து அதைச் சொல்ல உயிரோடு இருப்பதில்லை.

டெங்குவும் அப்படித்தான். பெரும்பாலானவர்களுக்கு அது தானாகவே குணமாகிவிடும். அந்த நேரத்தில் எதைக் குடித்தார்களோ, அதற்குப் பெருமை சேரும். பிழைத்தவர் சொல்வது மட்டுமே நம் காதுக்கு வருகிறது. அண்டை வீட்டு அனுபவம் சறுக்கும் இடம் இதுதான். இதை மனதில் வைத்துக்கொண்டு நான்கு விஷயங்களைப் பார்ப்போம்.

1. பாம்புக்கடி: "இறுக்கிக் கட்டு, வேப்பிலை கொடு"

வாழைத் தோப்பு, நெல் வயல், திராட்சைப் பந்தல் என்று பசுமையாக இருக்கும் கம்பம் பள்ளத்தாக்கில் எலிக்குப் பஞ்சமில்லை. எலி இருக்கும் இடத்துக்குப் பாம்பு வரும். வயலை ஒட்டி வீடுகள் பெருகியிருப்பதால் இது தோட்ட வேலைக்குப் போகிறவர்களின் பிரச்னை மட்டுமில்லை.

வழக்கமாகச் சொல்லப்படுவது மூன்று. கடித்த இடத்துக்கு மேலே இறுக்கிக் கட்டு. கீறி ரத்தத்தை எடு. வேப்பிலையையோ மிளகையோ மெல்லக் கொடு, கசப்பும் காரமும் தெரிந்தால் விஷம் ஏறவில்லை.

மூன்றுமே ஆபத்து. இறுக்கிக் கட்டினால் ரத்த ஓட்டம் நின்று, கை காலையே இழக்க நேரலாம். விரியன் கடிக்கு ரத்தம் உறையும் தன்மை கெட்டுப்போகும். அந்த நிலையில் கீறினால் ரத்தம் நிற்காது. வேப்பிலைச் சோதனைக்கு எந்த மருத்துவ அடிப்படையும் இல்லை. குறிப்பாக, கட்டுவிரியன் ராத்திரியில் தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும். வலி அதிகம் இருக்காது, பல் தடம்கூடத் தெரியாமல் போகலாம். சில மணி நேரம் கழித்து வயிற்று வலி வரும், கண் இமை தானாகச் சரியும், பிறகு மூச்சு திணறும். 'வேப்பிலை கசக்குது' என்று நிம்மதியாகப் படுத்தவர் காலையில் எழுந்திருக்காமல் போவது இப்படித்தான்.

என்ன செய்ய வேண்டும்? கடிபட்டவரை நடக்கவிடாமல் படுக்க வையுங்கள். மோதிரம், கொலுசு, மெட்டியைக் கழற்றிவிடுங்கள், வீக்கம் வந்தால் இறுக்கும். கடிபட்ட கை காலை ஒரு கட்டையோடு சேர்த்துத் தளர்வாகக் கட்டி அசையாமல் வையுங்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். ஆம்புலன்ஸ் வரத் தாமதமாகும் என்றால் இருக்கிற வண்டியில் கிளம்புங்கள். பாம்பை அடித்து எடுத்துப் போக வேண்டிய அவசியம் இல்லை. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கும் சேர்த்து ஒரே விஷமுறிவு மருந்துதான் நம்மிடம் இருக்கிறது. அது அரசு மருத்துவமனைகளில் இலவசம். மாவட்டத்தில் பெரிய மருத்துவமனை க.விலக்கில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. கூடலூரிலோ கம்பத்திலோ இருப்பவர்கள் அவ்வளவு தூரம் போகும்வரை காத்திருக்க வேண்டாம். பக்கத்தில் உள்ள அரசு மருத்துவமனையிலேயே சிகிச்சையைத் தொடங்கச் சொல்லுங்கள்.

2024 நவம்பரில் தமிழக அரசு பாம்புக்கடியை அறிவிக்கப்பட வேண்டிய நோயாகப் பட்டியலில் சேர்த்தது. அதாவது, பாம்புக்கடியோடு யார் வந்தாலும் மருத்துவமனைகள் அதை அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். திண்ணைக் கதைகளில் வராத மரணங்களும் இனி கணக்கில் வரும் என்பதுதான் இதன் முக்கியத்துவம்.

2. காய்ச்சல்: "சுரம் விட்டுருச்சு, இனி பயமில்ல"

டெங்குவைப் பொறுத்தவரை இதைவிட ஆபத்தான ஆறுதல் வேறு இல்லை. காய்ச்சல் தொடங்கிய மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள், சூடு குறையும்போதுதான் சிலருக்கு ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசியத் தொடங்கும். அடுத்த 24 முதல் 48 மணி நேரம் முக்கியமானது. பிள்ளை கொதிப்பு இறங்கி அசதியாகப் படுத்திருப்பதைப் பார்த்து, "தூங்கட்டும், எழுப்பாத" என்று விட்டுவிடுகிறோம். அது தூக்கமா, சுருண்டு கிடப்பதா என்று பார்க்க வேண்டும்.

கடுமையான வயிற்று வலி, விடாத வாந்தி, மூக்கு அல்லது ஈறில் ரத்தம், கை கால் சில்லென்று ஆவது, சிறுநீர் குறைவது, மயக்கம், அமைதியில்லாமல் புரள்வது. இதில் ஒன்று இருந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

அடுத்த தவறு மாத்திரையில். "உடம்பு வலிக்கு இதைப் போடுங்க, கேக்கும்" என்று பக்கத்து வீட்டில் மிச்சமிருந்த மாத்திரையை வாங்கிப் போடுவது சகஜம். ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் போன்ற வலி மருந்துகள் டெங்குவில் ரத்தக்கசிவை அதிகமாக்கும். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும், அதுவும் டாக்டர் சொன்ன அளவில்.

பப்பாளி இலைச் சாறு, நிலவேம்புக் குடிநீர் எல்லாம்? நிலவேம்பை அரசே பல முறை மக்களுக்குக் கொடுத்திருக்கிறது. ஆனால், 'இதைக் குடிச்சிட்டோம், டாக்டர் வேண்டாம்' என்று முடிவெடுத்தால்தான் சிக்கல். ரத்தப் பரிசோதனைக்கும், உடம்பில் நீர்ச்சத்து குறையாமல் பார்த்துக்கொள்வதற்கும் அது மாற்று இல்லை.

3. குடிதண்ணீர்: "தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கு, அப்புறம் என்ன?"

முல்லைப் பெரியாறு தண்ணீர் தேக்கடியிலிருந்து மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக லோயர் கேம்புக்கு இறங்கி, கூடலூர், கம்பம், உத்தமபாளையம், வீரபாண்டி என்று ஓடி வைகையில் சேர்கிறது. வழியில் பல ஊர்களுக்குக் குடிநீரும் அதுதான். மழைக்காலத்தில் குழாயில் செம்மண் கலங்கலாக வருவதைப் பார்த்திருப்பீர்கள்.

"படிகாரக் கட்டிய ரெண்டு சுத்து சுத்து, தெளிஞ்சிரும்." இந்த யோசனை பாதி சரி. படிகாரமோ தேத்தாங்கொட்டையோ மண்ணை அடியில் படிய வைக்கும். ஆனால் கண்ணுக்குத் தெரியாத கிருமிகளை முழுவதுமாக நீக்காது. தெளியவைத்து, மேல் தண்ணீரை வடித்து, தளதளவென்று கொதிக்க வைத்துக் குடிப்பதுதான் முழு யோசனை. ஆறிய தண்ணீருக்குள் கையோடு டம்ளரை விட்டு மொண்டால், கொதிக்க வைத்ததே வீண்.

"சாக்கடை இருக்கிற தெருவுலதான் டெங்கு வரும்" என்பது இதோடு சேர்ந்த இன்னொரு தவறான கருத்து. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு, வீட்டில் பிடித்து வைக்கும் நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். தினமும் தண்ணீர் வராத தெருவில் டிரம், தொட்டி, சிண்டெக்ஸ் என்று சேமிக்கிறோம். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. முட்டைகள் டிரம்மின் உள்சுவரில் ஒட்டிக்கொண்டு, மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும் திரும்பத் தண்ணீர் பட்டதும் பொரியும். அதனால் வாரம் ஒரு நாள் உள்சுவரைத் தேய்த்துக் கழுவி, இறுக்கமாக மூட வேண்டும்.

இந்தக் கொசு சில நூறு மீட்டருக்கு மேல் பறப்பதில்லை. அதாவது உங்கள் பிள்ளையைக் கடிக்கும் கொசு, உங்கள் வீட்டு டிரம்மிலோ எதிர்வீட்டு டிரம்மிலோதான் பிறந்திருக்கும். ஒரு வீடு மட்டும் சுத்தமாக இருந்து பிரயோஜனம் இல்லை.

4. ஆறும் அருவியும்: "நாப்பது வருஷமா பாக்குறேன், இதுவரைக்கும் வராது"

பெரியகுளம் கும்பக்கரை அருவிக்குத் தண்ணீர் கொடைக்கானல் மலையிலிருந்து வருகிறது. சுருளிக்கு மேகமலைப் பக்கமிருந்து வருகிறது. கீழே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே மேலே கொட்டிய மழை சில நிமிடங்களில் வெள்ளமாக இறங்கலாம். வானத்தைப் பார்த்து முடிவு செய்ய முடியாததால்தான் வனத்துறை குளிக்கத் தடை போடுகிறது. "ஒரு முங்கு போட்டுட்டு வந்துரலாம்" என்று சொல்கிறவருக்கு மலைமேல் பெய்வது தெரியாது.

வைகை அணையின் மொத்த உயரம் 71 அடி. நீர்மட்டம் 66 அடியைத் தொட்டால் முதல் எச்சரிக்கை, 68.5 அடியில் இரண்டாவது, 69 அடியில் மூன்றாவது. மூன்றாவது எச்சரிக்கை வந்துவிட்டால் உபரி நீர் எந்நேரமும் வரலாம். கரையோரம் இருப்பவர்கள் பழைய வெள்ளத்தை அளவாக வைத்துப் பேசக் கூடாது. பக்கத்து வீட்டு நாற்பது வருஷ அனுபவத்தில் மிகப்பெரிய வெள்ளம் இன்னும் வராமலே இருந்திருக்கலாம்.

யோசனையைக் கேட்டதும் மூன்று கேள்விகள்

யார் என்ன சொன்னாலும் மனதுக்குள் இதைக் கேட்டுப் பாருங்கள்.

ஒன்று: இது தப்பாகப் போனால் திருத்த முடியுமா? ரசத்தில் பெருங்காயம் கூடினால் பரவாயில்லை. கட்டுவிரியன் கடியில் போன இரண்டு மணி நேரம் திரும்ப வராது.

இரண்டு: இதைச் செய்துகொண்டே மருத்துவமனைக்கும் போக முடியுமா, அல்லது அதைத் தள்ளிப்போடச் சொல்கிறார்களா? "இதைப் போட்டுப் பாரு, சரியாகலைன்னா நாளைக்குப் போகலாம்" என்றால் எச்சரிக்கையாக இருங்கள்.

மூன்று: சொல்கிறவர் எத்தனை பேரைப் பார்த்துச் சொல்கிறார்? ஒரு மாமாவை வைத்தா, நூறு நோயாளிகளை வைத்தா?

நல்ல அண்டை வீட்டார் என்ன செய்யலாம்?

மருந்து சொல்வதைவிடப் பெரிய உதவிகள் உண்டு. வண்டியை எடுப்பது. கூடப் போவது. வீட்டில் இருக்கும் குழந்தைக்குச் சோறு போடுவது. கடிபட்ட நேரத்தையும், முதல் அறிகுறி தெரிந்த நேரத்தையும் குறித்துவைத்து டாக்டரிடம் சொல்வது. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து நிமிஷம் தெருவே சேர்ந்து டிரம்களைத் தேய்ப்பது.

ஆம்புலன்ஸுக்கு 108, மருத்துவ ஆலோசனைக்கு 104, மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறைக்கு 1077. இந்த மூன்று எண்களையும் ஒரு அட்டையில் எழுதி மாடிப்படிச் சுவரில் ஒட்டி வையுங்கள். அடுத்த முறை "ஒண்ணும் ஆகாது"ன்னு யாராவது சொன்னா, சண்டை போட வேண்டாம். "சரிக்கா, எதுக்கும் ஒரு எட்டு ஆஸ்பத்திரியில காட்டிட்டு வந்துருவோம், நீங்களும் கூட வாங்க"ன்னு சொல்லுங்க. பெரும்பாலும் வருவாங்க.