ஒரு பிடி அரிசி

ஐஸால் நகரில் ஒரு மிசோ வீட்டுச் சமையலறை. உலை கொதிக்கிறது. அளந்த அரிசியைப் பானையில் போடுமுன் குடும்பத் தலைவி அதில் ஒரு பிடி எடுத்துத் தனி டப்பாவில் போடுகிறார். இதற்கு ‘புஃபாய் தாம்’ என்று பெயர். ஒரு பிடி அரிசி என்று பொருள்.

மிசோரம் பிரெஸ்பிட்டீரியன் சபைப் பெண்கள் 1910ல் தொடங்கிய வழக்கம் இது. கையில் காசு அதிகம் புழங்காத காலம். கொடுக்க இருந்தது அரிசிதான். சபைப் பெண்கள் வீடு வீடாகச் சென்று அதைத் திரட்டுகிறார்கள். விற்று வரும் பணம் மிஷனரிப் பணிக்குப் போகிறது.

மாநிலத்துக்குத் தேவையான அரிசி முழுவதும் அங்கே விளைவதில்லை. மூங்கில் பூத்து, எலிகள் பெருகி, பயிரைத் தின்றதால் 1959ல் கடும் பஞ்சம். 2007லும் பெரும் சேதம். பசியை அறிந்தவர்கள்தான் இந்தப் பிடியை ஒதுக்குகிறார்கள்.

1894ல் இங்கிலாந்தைச் சேர்ந்த இரு மிஷனரிகள் வந்த அந்த மலைப் பிரதேசம், இன்று பிற மாநிலங்களுக்குத் தானே ஊழியர்களை அனுப்புகிறது. மூட்டையில் சேர்ந்தபின் அதிகாரி வீட்டு அரிசி எது, கூலிக்காரர் வீட்டு அரிசி எது என்று யாருக்கும் தெரியாது. கொடுக்க ஒன்றுமில்லை என்று தலைகுனிய வேண்டிய நிலை, அடுப்பு எரியும் எந்த வீட்டுக்கும் இல்லை.